பாதியில் நின்ற மாற்றங்கள்: செங்கல்பட்டுக் கரையோரத்தில் போலியுருக் கனிமங்கள்

கனிமம் சேர்ப்பவர்களின் ஆசைப் பட்டியலில் சில பொருட்கள் எப்போதும் இருக்கும். நமீபியாவின் சுமேப் சுரங்கத்து மாலகைட் அவற்றில் ஒன்று. நிறம் பச்சை, ஆனால் படிகத்தின் முகங்களும் கோணங்களும் நீலநிற அசுரைட்டுக்கு உரியவை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஃபெல்ஸ்பார் படிகத்தின் வடிவத்தில் வெள்ளீயத் தாது கிடைத்தது. பொலிவியாவின் கொரோகொரோவில் அரகோனைட்டின் அறுகோணப் பட்டகமாகத் தனிச்செம்பு நிற்கிறது. ஒரு கனிமம் கரைந்துபோக, அதன் இடத்தையும் உருவத்தையும் இன்னொரு கனிமம் எடுத்துக்கொண்டால் அதைப் போலியுரு என்கிறோம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வருகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். பல்லாவரம் முதல் மதுராந்தகம் வரை, கோவளம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரை, விளக்குப் போட்டுக் கண்ணாடிப் பேழையில் காட்டும்படியான படிகங்களுக்குப் பெயர்போன இடம் ஒன்றுகூடக் கிடையாது. இந்தியாவில் அழகுப் படிகங்களின் வணிகம் நடப்பது மகாராஷ்டிரத்தின் எரிமலைப் பாறைக் குவாரிகளை நம்பித்தான். நாசிக் அருகே சின்னரில் அவற்றுக்கென்றே கர்கோட்டி என்ற அருங்காட்சியகமும் இருக்கிறது. நம்மிடம் இருப்பது கிழட்டுப் பாறை. ஆனால் கனிமத்தைக் கனிமம் மாற்றீடு செய்த வேலை இந்தக் கரையில் நடக்காத இடம் அரிது. நடந்த வேலை பெரும்பாலும் முடியாமல் பாதியில் நிற்கிறது. சேகரிப்பவர்கள் இந்த அரைகுறைக் கற்களைத் தள்ளிவிடுகிறார்கள். முடிந்துபோன போலியுருவைவிட இவைதான் சேர்க்கத் தகுந்தவை என்பது என் எண்ணம். காரணங்கள் பல, சில வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட படிகங்கள் ஐரோப்பியக் கனிமவியலுக்குப் பெரிய தலைவலியாக இருந்தன. படிகத்தின் வடிவம் அதன் உள்ளமைப்பிலிருந்து வருகிறது என்று பிரான்சின் ஹாவி நிறுவியிருந்தார். வடிவம் ஒன்றும் சரக்கு வேறொன்றுமாக ஒரு பொருள் கிடைத்தால் அந்த விதியே ஆட்டம் காணும். போலியுரு என்ற பிரிவை வைத்துக்கொண்டுதான் விதியைக் காப்பாற்ற முடிந்தது. 1815-இல் ஜெர்மானியரான பிரைட்ஹாப்ட் படிகங்களின் உண்மைத்தன்மை பற்றித் தனி நூலே எழுதினார். 1843-இல் பிளூம் தொகுத்த பெருநூல் அதுவரை தெரிந்த போலியுருக்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டது. அவர்கள் பிரித்த பிரிவுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. வேதிப்பொருள் மாறாமல் அணுக்களின் அடுக்கு மட்டும் மாறுவது ஒரு வகை. அரகோனைட் கால்சைட்டாவது அப்படி. பழைய கனிமத்தின் சில கூறுகள் போய்ச் சில சேர்வது இன்னொரு வகை. அசுரைட் மாலகைட்டாவது அப்படி. எதுவும் மிஞ்சாமல் முழுக்க வேறொன்று வந்து அமர்வது மூன்றாவது. பழைய படிகத்தின் மேல் படிந்த தோல் மட்டும் மிஞ்சி, உள்ளே இருந்தது கரைந்துபோவதையும் சேர்த்து எண்ணுவார்கள்.

மாமல்லபுரத்தில் நின்றுகொண்டு இதைப் பேசுகிறவருக்கு ஐந்து ரதங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையின் உருவம். மற்றவற்றிலும் மரக்கட்டடத்தின் சாயல்கள் கல்லில் நிற்கின்றன. பொருத்தம் கவர்ச்சியானதுதான், ஆனால் கனிமவியல் இதை ஏற்காது. குடிசை எதுவும் அந்த இடத்தில் நின்று, மெல்லக் கரைந்து, கல்லாகவில்லை. சிற்பி வேறொரு இடத்தில் பார்த்ததை இங்கே செதுக்கினான். போலியுருவில் பழையதும் புதியதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அந்தத் தொடுகோட்டைக் காட்ட முடியாத கல்லைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் ஊகம்.

ஊகம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிளெண்டன் என்ற ஊரின் பெயரால் கிளெண்டோனைட் எனப்படும் கூர்முனைக் கற்களை எடுத்துக்கொள்வோம். சரக்கு கால்சைட், உருவம் கால்சைட்டுடையது அல்ல. எந்தக் கனிமத்தின் உருவம் என்பதில் நூறாண்டுக்கும் மேலாகச் சண்டை. கிரீன்லாந்தின் இக்கா கடற்கழியில் 1963-இல் இக்கைட் என்ற புதிய கனிமத்தை விவரித்த பிறகுதான் விடைக்கு வழி பிறந்தது. உறைநிலையை ஒட்டிய நீரில் மட்டும் நிலைக்கும் கனிமம் அது. சூடு கொஞ்சம் ஏறினாலே சிதைந்து கால்சைட்டும் தண்ணீருமாகப் பிரிந்துவிடும். மாற்றம் முழுமையாகிவிட்டதால் முதலில் இருந்த பொருளின் துணுக்குகூட எந்தக் கல்லிலும் மிஞ்சவில்லை. உருவம் ஒன்றே சாட்சி, அந்தச் சாட்சியின் மொழி யாருக்கும் புரியவில்லை.

இரண்டாவது கதை நமக்குப் பக்கத்தில் நடக்கிறது. சுற்றுலா ஊர்களின் கடைகளில் மணியாகவும் மோதிரக் கல்லாகவும் விற்கும் புலிக்கண் கல், போலியுருவுக்குப் பாடநூல் உதாரணம். நார்நாரான நீலக் கல்நாரைக் குவார்ட்ஸ் இடம்பிடித்து, நாரின் உருவத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று 1873-இல் விபெல் எழுதினார், எல்லோரும் ஏற்றார்கள். 2003-இல் ஹீனியும் ஃபிஷரும் நுண்ணோக்கியில் மறுபடி பார்த்துவிட்டு வேறு கதை சொன்னார்கள்: பாறை திரும்பத் திரும்ப விரிசல்விட, ஒவ்வொரு விரிசலையும் குவார்ட்ஸும் நாரும் சேர்ந்தே வளர்ந்து மூடியிருக்கின்றன; மாற்றீடு என்று எதுவும் நடக்கவில்லை. நூற்றுமுப்பது ஆண்டுப் பாடம் ஒரு கட்டுரையில் ஆட்டம் கண்டது. கடைக்காரருக்கு இதனால் நட்டமில்லை. போலியுரு என்று சீட்டு எழுதிப் பேழையில் வைத்திருந்தவர்கள்தான் சீட்டைத் திருத்த வேண்டியதாயிற்று.

மாற்றீடு எப்படி நடக்கிறது என்ற கேள்வியும் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. அமெரிக்கச் சுரங்கப் புவியியலாளர் லிண்ட்கிரன் 1912-இல் ஒன்றை அழுத்திச் சொன்னார்: பழையது போன கன அளவுக்கே புதியது வந்து சேர்கிறது. பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே செங்கல்லை ஒவ்வொன்றாக உருவி அங்கே கருங்கல்லை வைத்துக்கொண்டு போவது மாதிரி; சுவர் எந்த நேரத்திலும் சாய்வதில்லை. இதை நிகழ்த்தும் பொறி பற்றிய இன்றைய புரிதலுக்கு ஆண்ட்ரூ புட்னிஸின் 2002 ஆய்வுரை பெரிய ஆதாரம். கனிமத்தின் மேல்முகத்தில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போதும். படலத்தின் ஒருபக்கம் பழையது கரைகிறது. மறுபக்கம் உடனே புதியது படிகிறது. புதியதில் நுண்துளைகள் இருப்பதால் நீர் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, முகம் உள்நோக்கி நகர்கிறது. பொட்டாசியம் புரோமைடு படிகத்தைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் போட்டு இதை ஆய்வகத்திலேயே காட்டியிருக்கிறார்கள்: கண்ணாடி போலிருந்த படிகம் உருவம் கெடாமல் பால்வெள்ளையாகிவிடுகிறது. அந்த வெண்மை துளைகளால் வருவது.

நீர் நின்றுபோனால் முகமும் நின்றுவிடும். நின்ற இடத்தில் பழையதும் புதியதும் அருகருகே அகப்படும். செங்கல்பட்டுப் பாறைகளைப் பார்க்க இந்த ஒரு வரி போதும்.

பல்லாவரத்தில் தொடங்குவோம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வரும் ஊர் அது. பரங்கிமலையிலிருந்து நீளும் குன்றுகளும் பழைய கல்குவாரிகளும் உலகப் பாறையியலில் பெயர் பெற்றவை. கல்கத்தாவில் 1693-இல் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் போயிருந்தது. அந்தக் கல்லைப் பற்றி 1893-இல் எழுதிய தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயராலேயே அதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். 1900-இல் இந்தியப் புவியியல் அளவைத் துறைக்காகச் சார்னோகைட் தொகுதி முழுவதையும் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றும் எழுதினார். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், அவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன்: இதுதான் சரக்கு. உடைத்த புது முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை. குவார்ட்ஸில் சிலசமயம் நீலச் சாயல். சென்னைக்காரர்கள் படிக்கட்டாகவும் அம்மியாகவும் ஜல்லியாகவும் அறிந்த கருங்கல்லில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான்.

பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஹைப்பர்ஸ்தீன் தண்ணீர் இல்லாத கனிமம்; பூமியின் மேலோட்டின் அடிப்பகுதியில், எழுநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், வறட்சியான சூழலில் உருவானது. பாறை மெல்ல மேலேறிக் குளிரும்போது எங்கிருந்தோ கொஞ்சம் நீர் புகுந்தால் ஹைப்பர்ஸ்தீனுக்கு நிம்மதி போய்விடும். அதன் விளிம்பு ஹார்ன்பிளெண்டாக மாறும். பொட்டாசியம் கிடைத்தால் பயோடைட், அதாவது கறுப்புக் காக்காப்பொன், வளரும். இதை வெறுங்கண்ணால் அறிவது கடினம். 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலை முனைவுற்ற ஒளியில் வைத்துச் சுழற்றினால் நடுவில் ஹைப்பர்ஸ்தீன் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும். சுற்றிலும் ஹார்ன்பிளெண்ட் வேலி போட்டிருக்கும். வேலி தடித்த இடமும் மெலிந்த இடமும் நீர் எந்தப் பக்கமாக வந்தது என்பதைச் சொல்லும். முழுக்க ஹார்ன்பிளெண்டாகிவிட்ட மணியைப் பார்த்து, இது ஒருகாலத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்று நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டும். வேலிக்கு நடுவே ஒரு துளி மிஞ்சியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

எந்தத் திசையில் மாற்றம் போனது என்பதே இந்தப் பாறையின் பெரிய சர்ச்சை. சார்னோகைட் உருகிய குழம்பிலிருந்து நேராக உறைந்தது என்று ஹாலண்ட் நினைத்தார். 1955-இல் ஹோவி சென்னைச் சார்னோகைட்டுகளின் வேதியியலை விரிவாக ஆராய்ந்தார். 1959-இல் ஏ. பி. சுப்பிரமணியம் இதே பகுதியை மறுபடி வரைந்து, ஹாலண்ட் ஒரே தொகுதி என்று சேர்த்தவை ஒரே பிறப்பு உடையவை அல்ல என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பல்துர்க்கத்தில் எதிர்த்திசையைக் கண்டு காட்டினார். அங்கே வெளிர்சாம்பல் வரிப்பாறையில் கரும்பச்சைத் திட்டுகள். பாறையின் வரிகள் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கிக் கலைகின்றன. ஹார்ன்பிளெண்டும் பயோடைட்டும் தண்ணீரை இழந்து ஹைப்பர்ஸ்தீன் ஆகிக்கொண்டிருந்த வேளையில் எல்லாம் நின்றுபோயிருக்கிறது. சார்னோகைட் உருவாகும் தறுவாயிலேயே பிடிபட்டது என்ற பொருள்பட அவர் நேச்சர் இதழில் எழுதினார். கரியமில வாயு மிகுந்த ஆவி உள்ளே புகுந்து நீரை விரட்டியதே காரணம் என்று 1979-இல் ஜனார்த்தனும் நியூட்டனும் ஸ்மித்தும் அதே இதழில் எழுதினார்கள். அழுத்தக் குறைவு, உப்பு மிகுந்த திரவம் என்று வேறு விளக்கங்களும் பின்னர் வந்தன.

கப்பல்துர்க்கத்துத் திட்டுகள் முழுப் பாறையையும் விழுங்கியிருந்தால் இந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. பல்லாவரம் தன் கல்லை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் அங்கே சார்னோகைட் ஆகும் வேலை முடிந்துவிட்டதால் சான்றுக்குக் கன்னடதேசம் போக வேண்டியிருந்தது. பல்லாவரம் நமக்கு வைத்திருக்கும் அரைகுறை, திரும்பி வரும் பயணத்தினுடையது: ஹைப்பர்ஸ்தீன் மறுபடி நீர் குடித்து ஹார்ன்பிளெண்டாகும் பயணம்.

பாறை வெளிக்காற்றுக்கு வந்த பிறகு நடப்பது இன்னொரு கட்டம். ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது; பைராக்சீனின் இரும்பு துருவாகிறது. உருவம் மட்டும் கெடுவதில்லை. சாலை அகலப்படுத்த வெட்டிய சரிவில் பாறையின் வரியும் மணியும் அச்சாகத் தெரியும், விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். அந்த வெள்ளைப் பொடி ஒவ்வொன்றும் ஒரு ஃபெல்ஸ்பாரின் போலியுரு. பொறுக்கியெடுத்துப் பெட்டியில் வைத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் மண்ணாகிவிடும். பல்லவர் கரையின் உருண்டைப் பாறைகளும் இப்படிப் பிறந்தவைதான்: விரிசல் வழியே நீர் இறங்கி மூலைகளைத் தின்றது, நடுக்கரு மிஞ்சியது. கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டையைத் தள்ளிப் பார்த்துப் படமெடுக்கும் கூட்டத்தில், அது ஒரு மாற்றத்தின் மிச்சம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சிற்பிக்கு இந்த அறிவு வேறு வழியில் வந்தது. உளியால் தட்டி ஓசை கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் மரபில், மணிபோல ஒலிக்காத கல்லை ஒதுக்குவார்கள். மணிகளுக்கிடையே களிமண் புகத் தொடங்கிய கல் கணீரென்று ஒலிக்காது.

செம்புரைக்கல் இதன் கடைசிக் கட்டம். பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் கேரளத்தின் அங்காடிப்புரத்து மண்ணை வைத்து அதை உலக நூல்களில் ஏற்றினார். ஆனால் செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்புரைச் சரளையில் பெரும்பகுதி நின்ற இடத்தில் மாறியது அல்ல. வேறெங்கோ மாறி, வெள்ளத்தில் உருண்டு வந்து சேர்ந்தது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி அப்படிப்பட்ட சரளைக்குழியில்தான் இருந்தது. இந்தியாவில் மனித வரலாற்றின் தொடக்கத்தைப் பின்னால் தள்ளிய கண்டெடுப்பு அது. கருவி செய்த கைகள் தேர்ந்தது குவார்ட்சைட். சுற்றியிருந்த மற்றதெல்லாம் களிமண்ணும் துருவுமாக மாறிய மண்ணில் குவார்ட்சைட் மட்டும் கூர் மழுங்காமல் நிலைத்தது, மாற்றீட்டுக்கு எளிதில் இணங்காததால். போலியுரு தேடுகிறவருக்குக் குவார்ட்சைட் பயனற்றது. தொல்லியலோ அதன் பிடிவாதத்தை நம்பித்தான் நடக்கிறது.

மணலுக்கு வருவோம். கரையோரம் அலை திரும்பும் கோட்டில் கறுப்புப் பட்டைகள் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இக்கரையின் பல இடங்களில் அவை தடித்தும் கலைந்தும் கிடந்தன. இல்மனைட், கார்னெட், சிர்க்கான், சில்லிமனைட், கல்பாக்கம் பக்கத்தில் மோனசைட்டும். எல்லாம் உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆறுகள் கொண்டுவந்து போட்டவை. சிர்க்கானும் மோனசைட்டும் வழியில் மாறுவதில்லை. இல்மனைட் மாறுகிறது, அதுவும் உருவம் கெடாமல். இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. நிலத்தடி நீர் தொடும் மண்ணில் இரும்பு ஆக்சிஜனேறி, கரைந்து, வெளியேறுகிறது, டைட்டானியம் தங்குகிறது. இடையில் வரும் பொருளுக்குப் போலிரூட்டைல் என்று பொருள்படும் பெயரையே 1966-இல் வைத்தார்கள். முடிவில் பழுப்பு வெள்ளையான லூக்காக்சீன். உருண்டை மணி அதே அளவில் இருக்கும், சரக்கு மாறியிருக்கும்.

இந்த மாற்றத்துக்குச் சந்தையில் விலையே உண்டு. மாறாத இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு 53 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒடிசாவின் சத்ரபூர் மணலில் எடுக்கும் இல்மனைட்டில் அது சுமார் 50. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் சுமார் 55. கேரளத்தின் சவறாவில் சுமார் 60. மேற்குக் கரையின் அடைமழையும் வெப்பமும் மணியிலிருந்து இரும்பைக் கூடுதலாகக் கழுவியிருக்கின்றன. இந்திய அருமண் நிறுவனம் இந்த வேறுபாட்டின்படிதான் தரம் பிரித்து விற்கிறது. ஆக, உலகின் மிகப் பெரிய போலியுருச் சேகரிப்பு ஏதாவது ஒரு நிறமி ஆலையின் கிடங்கில்தான் இருக்கும்; பேழையில் வைக்க ஒரு மணிகூட மிஞ்சாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை கொண்டு ஒரு சிட்டிகை மணலைப் பார்த்தால், பளபளக்கும் கறுப்பு மணிகளுக்கு நடுவே விளிம்பு வெளுத்த மணிகள் தெரியும். வலுவான காந்தத்தை மெல்லக் கொண்டுபோனால் இல்மனைட் எழும். இரும்பை மிகுதியும் இழந்தவை தயங்கிக் கீழே கிடக்கும். இதைவிட மலிவான பாடம் கனிமவியலில் இல்லை.

மரத்தைக் கல்லாக்கிய மாற்றீட்டைப் பார்க்கத் திண்டிவனம் தாண்டிச் சங்கராபரணி ஆற்றங்கரைத் திருவக்கரைக்குப் போக வேண்டும். கடலூர் மணற்கல்லில் கிடக்கும் அடிமரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-இல் அவற்றைப் பற்றிச் சொன்னார். 1940 முதல் அது புவியியல் அளவைத் துறையின் காப்பில் உள்ள பூங்கா. கிளையும் வேரும் இல்லாமல் படுக்கையாகக் கிடப்பதால், வெள்ளம் உருட்டி வந்து புதைத்தவை என்று கணிக்கிறார்கள். பீர்பால் சஹானி இங்குள்ள ஊசியிலை மரங்களை 1931-இல் வகைப்படுத்த முடிந்ததற்குக் காரணம், மரத்தின் உயிரணுச் சுவர்கள் சிலிக்காவில் காப்பாற்றப்பட்டிருந்ததுதான். முதலில் உயிரணுவின் குழி நிரம்புகிறது; பிறகுதான் சுவர் மாறுகிறது. எந்த மரத்தில் குழி மட்டும் நிரம்பிச் சுவரில் கொஞ்சம் பழைய கரிமம் மிஞ்சியிருக்கிறதோ, அதில்தான் மரத்தின் இனம் தெளிவாகத் தெரியும். சிலிக்கா மறுபடி மறுபடி படிகமாகிப் பளபளவென்று ஆன துண்டு மேசைமேல் வைக்க அழகாக இருக்கும். அது என்ன மரம் என்று கேட்டால் பதில் வராது. இதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்ற எண்ணமும் சரியல்ல. ஜப்பானின் தத்தேயாமா எரிமலையில் சிலிக்கா மிகுந்த வெந்நீரூற்றில் கட்டிப்போட்ட மரத்துண்டு, ஏழாண்டுகளில் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சிலிக்காவாயிற்று.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிக் களிப்பாறையின் இலைத்தடங்களையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். 1879-இல் ஃபைஸ்ட்மாண்டல் விவரித்த அரிய செல்வம் அவை, ஆனால் அங்கே இலை போய் அச்சு மட்டுமே இருக்கிறது. எதுவும் எதன் இடத்தையும் பிடிக்கவில்லை.

நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் மாற்றீட்டுப் பொருள் மாக்கல். மாமல்லபுரத்துக் கடைகளில் பொம்மையாக விற்பதும், சேலம் பக்கத்திலிருந்து வரும் கல்சட்டியாவதும் அதுதான். மக்னீசியம் மிகுந்த பாறையின் கடினக் கனிமங்களை டால்க் இடம்பிடித்தபோதுதான் நகத்தால் கீறத்தக்க மென்மை வந்தது. சேலத்துச் சுண்ணாம்புக் கரடு இதன் அண்ணன் உறவு: ஆலிவின் பாறையில் கரியமிலம் கலந்த நீர் புகுந்து வெள்ளை வலைப்பின்னலாக மேக்னசைட்டை விட்டுச் சென்றது. வலையின் கண்களில் இன்னும் பழைய பாறை கறுத்துக் கிடக்கிறது.

மனிதன் செய்த பொருளும் இந்த வழியே போகும். செங்கல்பட்டு வட்டாரத்துச் சானூரில் 1950-இலும் 1952-இலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அகழ்ந்தார்கள். குன்னத்தூரிலும் பெரும்பேரிலும் அகழ்வுகள் நடந்தன. அவற்றில் கிடைப்பவை போன்ற பழைய இரும்பு வாள்களும் கத்திகளும் பெரும்பாலும் இரும்பாகவே இருப்பதில்லை, கோதைட்டும் வேறு துருக்கனிமங்களுமாகிவிடுகின்றன. வாளின் கோடு துருப்படலத்துக்குள் ஓர் எல்லையாகத் தங்கும். அருகில் துணியோ மரப்பிடியோ இருந்தால் துரு அதன் இழையையும் உருவெடுத்துக்கொள்ளும். நெசவு போன பின்னும் நெசவின் கணக்கை அதில் எண்ணலாம். செம்பில் இது களிம்பு. மேலே பச்சை மாலகைட், அடியில் செந்நிறக் குப்ரைட், நடுவில் உலோகம்: பாதியில் நின்ற மாற்றத்துக்கு இதைவிட நேர்த்தியான குறுக்குவெட்டு வேண்டியதில்லை. புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்குகிறவர் இந்த ஏட்டையே அழித்துவிடுகிறார். அருங்காட்சியகக் காப்பாளர்கள் களிம்பைத் தொட அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

சேர்க்கும் கேள்வி இங்கே சட்டத்தோடு மோதுகிறது. நூறாண்டு தாண்டிய மனிதப் பொருள், கற்கருவி உட்பட, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வீட்டில் சேர்த்து வைக்கும் விஷயம் அல்ல. ஃபூட்டின் வாழ்நாள் சேகரிப்பும் சென்னை அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய மாமல்லபுரத்துச் சின்னங்களின் பாறையில் ஒரு செதில்கூட உடைக்கக் கூடாது. கடற்கரை மணலின் கனமணிகள் 1957-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் அணுக்கனிமப் பட்டியலில் உள்ளன. லூக்காக்சீன் என்ற பெயரே அங்கே தனியாக எழுதப்பட்டிருக்கிறது. 2013 செப்டம்பரில் தமிழக அரசு கடற்கரைக் கனிம அகழ்வை மாநிலம் முழுதும் நிறுத்தியது. பார்ப்பது வேறு, அள்ளுவது வேறு. திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள், பரங்கிமலைச் சார்னோகைட் எல்லாம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். புவிப் பாரம்பரிய இடங்களைக் காக்கத் தனிச்சட்ட வரைவு ஒன்றை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. அந்த வரைவுக்கு முன்பே பல்லாவரத்துக் குவாரிகளில் பல குட்டையாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டன.

அப்படியானால் சேர்க்க என்னதான் மிஞ்சுகிறது? விலை கொடுத்து வாங்கிய ஜல்லிக் குவியல். வீடு கட்டுகிற எந்தத் தெருவிலும் புதிதாக உடைந்த சார்னோகைட் முகங்கள் லோடு லோடாக இறங்குகின்றன. சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் கைநிறையத் தருவார். கறுப்பும் பச்சையும் கலங்கிய துண்டு, ஒரு பக்கம் பழுப்பேறி மறுபக்கம் கணீரென்றிருக்கும் துண்டு, காக்காப்பொன் வரி ஓடிய துண்டு என்று பொறுக்கலாம். அமிலத்தில் கழுவக் கூடாது, துரு விளிம்பைச் சுரண்டக் கூடாது, ஒரே ஒரு முகத்தை மட்டும் மெருகேற்றினால் போதும். கல்லூரி நண்பர் யாராவது இருந்தால் ஒன்றிரண்டைச் சீவல் போட்டுத் தருவார். ஜல்லிக்கு இருக்கும் ஒரே குறை அதற்கு முகவரி கிடையாது என்பது. எந்த மலையில் உடைத்தது என்று தெரியாத கல் வெறும் கல்தான். லாரி ஓட்டுநரிடம் எந்தக் குவாரி லோடு என்று கேட்டால் சொல்லிவிடுவார். அந்த ஊர்ப்பெயரையும் தேதியையும் அன்றைக்கே, கல் உலர்ந்ததும், அதன்மேல் எழுதி ஒட்டிவிட வேண்டும்.